பின்வாசல் நிருபர்

என் அக்கா பேத்தி இந்தக் கோடையில் ஒரு செய்தி நிறுவனத்தில் இன்டர்ன்ஷிப் பண்ணினாள். எங்கே போய்ப் பண்ணினாள் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். எங்கேயும் போகவில்லை. என் வீட்டு சோபாவில் குப்புறப் படுத்துக்கொண்டு, தலையணைமேல் லேப்டாப்பைச் சாய்த்து வைத்துக்கொண்டு, காலை ஆட்டி ஆட்டியே இரண்டு மாதத்தையும் ஓட்டினாள். எங்கோ ஓர் ஊரில் லாரி கவிழ்ந்தால் அதை ஒருவர் போனில் படம் பிடித்துப் போடுகிறார், அதைப் பார்த்து இன்னொருவர் எழுதுகிறார், அதில் நாலு வார்த்தையை மாற்றிப் போட்டு இவள் அனுப்புகிறாள். லாரி கவிழ்ந்த ஊர் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டேன். "அது எதுக்கு?" என்றாள். கடைசி நாளன்று சான்றிதழும் அந்த லேப்டாப்புக்கே வந்து சேர்ந்தது.

நான் சிரித்தது அவளுக்குப் பிடிக்கவில்லை. "நீங்க மட்டும் எங்க போய்ப் பண்ணினீங்களாம்?" என்று முறைத்தாள்.

"காரைக்குடியில. ஒரு கல்யாண வீட்டுச் சமையல்கட்டுல" என்றேன்.

கிழவிக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது. மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் லாரியைப் பார்க்கப் போய்விட்டாள். அவள் கேட்காவிட்டால் என்ன, உங்களிடம் சொல்கிறேன். உங்களுக்குப் பொறுமை உண்டு. இல்லாவிட்டாலும் இருப்பதுபோல உட்கார்ந்திருக்கத் தெரியும்.

எழுபதுகளின் தொடக்கம். திருச்சியில் பி.ஏ. கடைசிப் பரீட்சையை எழுதிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். பத்திரிகை வேலைக்குப் போக வேண்டும் என்று எனக்கு ஒரு கிறுக்கு. அது எங்கிருந்து பிடித்தது என்று இன்றுவரை தெரியாது. எங்கள் தெருவில் பேப்பர் வாங்கியதே இரண்டு இடம்தான். அதில் ஒன்று மளிகைக்கடை, பொட்டலம் மடிக்க வாங்கியது. அப்பா ரயில்வேயில் குமாஸ்தா. புதுக்கோட்டையில் பாங்கில் வேலை பார்க்கும் ஒரு மாப்பிள்ளையை எனக்காகப் பார்த்து வைத்திருந்தார். அந்த மாப்பிள்ளைமேல் எனக்குக் கோபதாபம் ஒன்றும் கிடையாது, அவர் முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை. ஆனால் ஆவணியில் கல்யாணம் என்றால், புரட்டாசியிலிருந்து பேப்பர் படிப்பதற்கே ஒரு மாமியாரிடம் அனுமதி கேட்க வேண்டியிருக்கும். சாப்பிடாமல் கிடந்தேன். அம்மா ஒளித்துக் கொண்டுவந்து கொடுத்த இட்லிகளைச் சாப்பாட்டில் சேர்க்கக் கூடாது. அப்பா இறங்கி வந்தார்.

"காரைக்குடியில உன் பெரியம்மா வீட்டுக்குப் போ. பெரியப்பாவுக்குத் தெரிஞ்ச நிருபர் ஒருத்தர் இருக்காராம். ரெண்டு மாசம் அவர்கிட்ட கத்துக்க. இந்தப் பொண்ணு தேறும்னு அவர் வாயால சொல்லட்டும், மதுரைக்கு அனுப்புறேன். சொல்லலைன்னா ஆவணியில கழுத்தை நீட்டிடணும். அப்புறம் மூக்கைச் சிந்தக் கூடாது."

சரி என்றேன். மாப்பிள்ளையா மதுரையா என்பது, நான் அதுவரை பார்த்தே இராத ஒரு காரைக்குடிக்காரர் வாயில் இருந்தது.

அவர் பெயர் சோமசுந்தரம். ஊருக்கு சோமு சார். மதுரையிலிருந்து வந்த ஒரு நாளிதழுக்குக் காரைக்குடி நிருபர். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு சைக்கிள் கடை மாடியில் ஆபீஸ். ஒரு மேஜை, ஒன்றரை நாற்காலி. அந்த அரை நாற்காலிக்கு ஒரு கால் கிடையாது, சுவரில் சாய்த்துப் போட்டிருக்கும், அதுதான் எனக்கு. கீழே பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷன் வாசனை நாள் முழுவதும் மாடிப்படி ஏறி வந்துகொண்டே இருக்கும். இன்றைக்கும் எந்த ஊரிலாவது பஞ்சர் கடையைத் தாண்டினால் எனக்கு ஏதாவது எழுத வேண்டும்போல் கை பரபரக்கிறது. சோமு சார் ஒல்லி. சட்டைப் பையில் மூன்று பேனா வைத்திருப்பார், எழுதுவது ஒன்றுதான். மற்ற இரண்டும் பதவிக்கு அடையாளம்.

என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பொம்பளப் பிள்ளைய வச்சுக்கிட்டு நான் என்னம்மா பண்றது? போலீஸ் ஸ்டேசனுக்கு அனுப்ப முடியாது, கோர்ட்டுக்கு அனுப்ப முடியாது" என்றார். கொஞ்சம் யோசித்தார். "கல்யாணம், காதுகுத்து, கோயில் விசேஷம், இதெல்லாம் நீ பாரு. அங்குட்டெல்லாம் போனா ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டாக."

அப்பாவின் நிபந்தனையைச் சொன்னேன். சிரித்தார். "அதுக்கென்ன, சொல்லுவோம். ஆனா பொய் சொல்ல மாட்டேன். நீ எழுதுனதுல ஒண்ணு, ஒரே ஒண்ணு, மதுரைக்காரன் வெட்டாம முழுசாப் போடட்டும். அன்னைக்கே ஒங்கப்பாவுக்கு ட்ரங்க் கால் போட்டுச் சொல்றேன்."

இது என்ன பெரிய காரியம் என்று நினைத்தேன். மதுரைக்காரன் யார் என்று எனக்கு அப்போது தெரியாது.

அந்தக் காலத்தில் செய்தி பஸ்ஸில் போனது. சாயங்காலம் மதுரை பஸ் கிளம்புவதற்குள் எழுதியதை ஒரு கவரில் போட்டு, 'செய்தி - அவசரம்' என்று மேலே எழுதி, கண்டக்டரிடம் கொடுத்துவிட வேண்டும். அவர் அதை டிரைவர் தலைக்குமேலே சாமி படத்துக்குப் பின்னால் செருகிவிடுவார். மதுரை பஸ் ஸ்டாண்டில் பத்திரிகை ஆபீஸ் ஆள் வந்து வாங்கிக்கொள்வார். மறுநாள் காலை பஸ்ஸில் பேப்பர் கட்டு வந்து இறங்கும். காரைக்குடியில் நடந்ததெல்லாம் இப்படிச் சாமிக்குப் பின்னால் உட்கார்ந்து மதுரைக்குப் போய், மறுபடி காரைக்குடிக்கே திரும்பி வந்தது.

நான் எழுதியவையும் போயின. திரும்பித்தான் வரவில்லை. ஒரு கல்யாணத்தைப் பற்றி மணப்பெண்ணின் புடவைக் கரை முதல் பந்தியில் போட்ட கந்தரப்பம் வரை ஒரு பக்கம் எழுதி அனுப்பினால், "காரைக்குடியில் நேற்று திருமணம் ஒன்று நடைபெற்றது" என்று ஒற்றை வரி வரும். யாருக்கு யாருடன் என்பதுகூட மதுரைக் கத்திரிக்கோலில் போய்விடும். சோமு சார் அதைச் சத்தமாக வாசித்துவிட்டு, "முழுசா வரலைல்ல" என்பார். சைக்கிள் கடைப் பையன்களுக்குக்கூட என் கதை தெரிந்திருந்தது. தினமும் காலையில் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னைக்கும் வெட்டா அக்கா?" என்று கேட்பார்கள்.

எழுதாத நேரத்தில் ஊரைச் சுற்றினேன். காரைக்குடித் தெருக்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்க்காவிட்டால் போய்ப் பாருங்கள், மத்தியானத்தில் மட்டும் போகாதீர்கள். நூல் பிடித்த மாதிரி நேர்நேராகத் தெரு, இரண்டு பக்கமும் கோட்டை மாதிரி சுவர், தெருவில் ஒரு ஈ காக்கை இருக்காது. வெயில் மட்டும் தனியாக நின்றுகொண்டிருக்கும். திருச்சியில் வழி தவறினால் கடைவீதியைப் பார்த்து நடந்தால் போதும். இங்கே எந்தத் தெருவைப் பார்த்தாலும் இப்போதுதான் இதில் வந்தோம் என்று தோன்றும். தப்பித்தவறி ஒரு ஆள் அகப்பட்டால், "இங்குட்டு போயி, அங்குட்டு திரும்புனீகன்னா, இங்குட்டே வந்துரும்" என்று வழி சொல்லுவார். அந்த ஊர் வழியெல்லாம் கையில் இருக்கிறது. வாயைக் கேட்டுக்கொண்டு கையைப் பார்க்காமல் நடந்தால் தொலைந்தோம். நான் தொலைந்தேன். திங்கட்கிழமைச் சந்தைக்கென்று கிளம்பி ஊருணிக்கரையில் போய் நின்றிருக்கிறேன்.

அப்படித் தொலைந்த ஒரு நாள்தான் என் வாழ்க்கைக்கு வழி பிறந்தது.

வள்ளியம்மை ஆச்சி வீட்டில் மகள் கல்யாணம். வைகாசியில் பெரிய கல்யாணம், மந்திரி வருகிறார் என்று பேச்சு. போய் விவரம் வாங்கி வா என்று சோமு சார் அனுப்பினார். அடையாளம் கேட்டுக் கேட்டுப் போய், திறந்திருந்த ஒரு கதவுக்குள் நுழைந்தேன். நுழைந்தால் முன்னால் வரவேற்பும் இல்லை, கூடமும் இல்லை. ஒரு பெரிய முற்றம், வரிசையாக அடுப்பு, எங்கே பார்த்தாலும் பெண்கள், தேங்காய் மலை, கருப்பட்டி, வறுத்த மாவின் வாசனை. என்னை யாரும் யார் என்று கேட்கவில்லை. ஒரு அம்மாள் திரும்பிப் பார்த்து, "சும்மா நிக்காம இதத் துருவு ஆத்தா" என்று ஒரு துருவியைத் தள்ளினார். கல்யாண வீட்டில் எல்லோரும் இதைத்தான் செய்வார்கள் போலிருக்கிறது என்று நானும் உட்கார்ந்து துருவினேன். ஒரு கூடைத் தேங்காய் முடிந்த பிறகுதான் ஆச்சி அந்தப் பக்கம் வந்தார். தடித்த கண்ணாடி, கையில் கரண்டி.

"நீ ஆரு வீட்டுப் பிள்ளை ஆத்தா?"

"பேப்பர்லேருந்து வரேன். கல்யாணச் செய்தி கேட்க."

கரண்டி நின்றது. அடுப்படி முழுக்க நின்றது. பிறகு ஆச்சி சிரித்த சிரிப்பு இருக்கிறதே, கண்ணாடி கழன்று மாவில் விழுந்துவிட்டது. "பேப்பர்க்காரவுக முன்வாசல்லல்ல வருவாக! வெத்தலபாக்கு வச்சுப் பத்திரிகையக் குடுத்து அனுப்புவோம். நீ என்னடான்னா மூணாங்கட்டுல உக்காந்து தேங்காய் துருவிக்கிட்டு இருக்கே!"

அன்றைக்குத்தான் புரிந்தது. அந்த ஊர் வீடுகள் ஒரு தெருவில் ஆரம்பித்து அடுத்த தெருவில் முடிகிறவை. முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் இன்னொரு தெருவில். நடுவில் முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று ஒரு சின்ன ஊரே உள்ளே கிடக்கும். ஆண்கள் முன்னால் உட்கார்ந்து ஜமக்காளத்தைத் தேய்ப்பார்கள். நடப்பதெல்லாம் பின்னால் நடக்கும். சோமு சார் இருபது வருஷமாக முன்வாசலில் வெற்றிலை போட்டுக்கொண்டு, அச்சடித்த கல்யாணப் பத்திரிகையைப் பார்த்துச் செய்தி எழுதியவர். நான் ஒரே மத்தியானத்தில், சம்பந்தி வீட்டார் எதற்கு முறைத்துக்கொண்டார்கள் என்பது வரை தெரிந்துகொண்டு வந்தேன். அதன் பிறகு முன்வாசல் பக்கமே போகவில்லை. தினமும் பின்வாசல் வழியாக நுழைவேன், கொடுத்த வேலையைச் செய்வேன், காதைத் திறந்து வைத்திருப்பேன். சோமு சார் எனக்குப் பின்வாசல் நிருபர் என்று பெயர் வைத்தார். கிண்டலாகத்தான் வைத்தார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அங்கே மாவு இடிக்க ஒரு கூட்டம் வரும். நாச்சியாபுரம் போகிற சாலையில் உள்ள ஒரு சின்ன ஊர்ப் பெண்கள். அவர்களுக்குத் தலைவி ராக்கு. முப்பது முப்பத்தைந்து வயது இருக்கும், குரல் மட்டும் வீட்டின் மூன்று கட்டுகளையும் தாண்டி முன்வாசலுக்குக் கேட்கும். அவளுக்கு ஒரே குறை. மெயின் ரோட்டிலிருந்து அவர்கள் ஊருக்குப் பாதை பிரிகிற இடத்தில், விலக்கு என்பார்கள், அந்த விலக்கில் பஸ் நிற்காது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடக்க வேண்டும், இருட்டில், சாலையில் ஒரு விளக்குக் கிடையாது. அவள் மகள் எட்டாவதோடு நின்றதும் அதனால்தான்.

"கைய நீட்டுனா டிரைவரு நம்மளப் பாத்துச் சிரிச்சுக்கிட்டே போறான். நிப்பாட்ட உத்தரவு இல்லையாம்" என்பாள். உலக்கை ஒவ்வொரு தடவை இறங்கும்போதும் அந்த டிரைவருக்கு ஒரு அடைமொழி கொடுப்பாள். அவற்றை இங்கே எழுத முடியாது. ஒருநாள் என்னைப் பார்த்து, "நீ பேப்பர்க்காரியாமுல்ல? எழுதேன் பாப்பம்" என்றாள்.

எழுதினேன். மதுரைக்காரன் ஒற்றை வரிகூடப் போடவில்லை. காலையில் போனதும் ராக்கு கேட்டாள், "வந்துச்சா?" வரவில்லை என்றேன். "அதுசரி" என்று சொல்லிவிட்டு இடிக்கப் போய்விட்டாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்த 'அதுசரி' இரண்டு நாள் என் பின்னாலேயே வந்தது.

கல்யாண நாள் வந்தது. எனக்கு இருந்த இரண்டு மாதத்தில் சில நாள்தான் மிச்சம். அப்பாவிடமிருந்து ஒரு கார்டும் வந்திருந்தது, மாப்பிள்ளை வீட்டார் நாள் பார்க்கச் சொல்கிறார்கள் என்று.

மந்திரி வந்தார். முன்வாசல் தெரு முழுக்கக் கூட்டம், மாலை, மனு, கொடி. சோமு சாரும் தேவகோட்டையிலிருந்து வந்த இரண்டு நிருபர்களும் முன் பந்தலில் மின்விசிறிக்கு நேரே இடம் பிடித்திருந்தார்கள். நான் வழக்கம்போல மூன்றாம் கட்டில். மணமக்களை வாழ்த்திவிட்டு மந்திரி கிளம்ப வேண்டும். தேவகோட்டையில் அடுத்த கூட்டம். வாசலில் கூட்டம் விடாது. கூடவே வந்த அவருடைய உதவியாளர், பி.ஏ. என்பார்கள், மெட்ராஸ்காரர். வீட்டில் யாரிடமோ பின்வாசல் உண்டா என்று கேட்டிருக்கிறார். உண்டு என்று சொல்லியிருக்கிறார்கள். காரைப் பின்தெருவுக்குச் சுற்றிக் கொண்டுவரச் சொல்லிவிட்டு, மந்திரியை உள்ளே கூட்டிக்கொண்டு நடந்துவிட்டார். பாவம், அவருக்குத் தெரிந்த வீடுகளில் பின்வாசல் என்பது நாலு எட்டு. இதை அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார். வளவைத் தாண்டி, இரண்டாம் கட்டைத் தாண்டி, பண்டம் அடுக்கிய அறைகளைத் தாண்டி நடக்கிறார்கள், நடக்கிறார்கள், வாசல் வரவில்லை. கடைசியில் ஒரு கதவைத் தள்ளினார்கள்.

மூன்றாம் கட்டு. மறுவீட்டுப் பலகாரத்துக்கு மாவு இடித்துக்கொண்டிருந்த பெண்கள் அத்தனை பேரும் உலக்கையோடு நிமிர்ந்தார்கள். மந்திரியின் வெள்ளை வேட்டியில் மாவு ஒட்டியது தெரியவில்லை, பி.ஏ.வின் கறுப்பு பேண்டில் நன்றாகத் தெரிந்தது. நான் கையில் முறத்தோடு ஓரமாக நின்றேன். அந்த இடத்தில் பேப்பர்க்காரி நான் ஒருத்திதான்.

"வாசல் எங்கம்மா?" என்றார் பி.ஏ.

"வாசல் அந்தா அங்குட்டுதான் இருக்கு. எங்கேயும் ஓடிறாது" என்றாள் ராக்கு. "ஐயா, கொஞ்சம் நில்லுங்க. எங்க விலக்குல பஸ்ஸு நிக்க மாட்டேங்குது. அதுக்கு ஒரு வழி சொல்லிட்டுப் போங்க."

"மனுவாக் குடுங்கம்மா, பார்க்கலாம்" என்றார் பி.ஏ.

"மனுவெல்லாம் குடுத்தாச்சு. இப்பக் கையில உலக்கதான் இருக்கு."

சத்தியமாக அவள் மிரட்டவில்லை. கையில் என்ன இருந்ததோ அதைச் சொன்னாள். ஆனால் பி.ஏ. இரண்டு அடி பின்னால் போனார். மந்திரி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். பெண்கள் யாரும் வழியை மறிக்கவும் இல்லை, விலகவும் இல்லை.

"சரிம்மா. நிக்கும்" என்றார் மந்திரி.

"என்னைக்கு இருந்து?"

மந்திரி பி.ஏ.வைப் பார்த்தார். பி.ஏ. வாசலைத் தேடினார். "வர்ற ஒண்ணாந்தேதியில இருந்து" என்றார் மந்திரி.

"நெசமாவா?"

"நெசமாத்தாம்மா."

வழி விட்டார்கள். அதற்குள் விஷயம் கேட்டு ஆச்சி பட்டுப்புடவை தடுக்க ஓடி வந்து, "ஐயா, இந்த வழியாவா வந்தீக? பானகமாச்சும் குடிச்சிட்டுப் போங்க" என்று பதறினார். மந்திரி நின்று குடித்தார். குடிக்காமல் போக அவருக்குத் தைரியம் வரவில்லை என்று நினைக்கிறேன்.

கார் கிளம்பியதும் ஆச்சி என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஆத்தா, இத எழுதிப்புடாதே. கல்யாண வீட்டுக்கு வந்த விருந்தாளிய உலக்கைய வச்சு மறிச்சாகன்னு பேப்பர்ல வந்தா, சம்பந்தி முகத்துல நான் எப்புடி முழிப்பேன்? உன்னைய நம்பித்தானே உள்ள விட்டேன்."

இந்தப் பக்கம் ராக்கு. "எழுதாட்டி மறந்துருவாக. இந்நேரம் கார்ல மறந்திருப்பாக. எழுதித்தான் ஆகணும்."

இரண்டு பேர் சொன்னதும் நியாயம். எனக்கோ, முழுசாய் ஒரு செய்தி வேண்டும்.

பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். சோமு சார் கல்யாணச் சாப்பாட்டு மயக்கத்தில் நாற்காலியில் கண்மூடி இருந்தார். நடந்ததை நடந்தபடி விறுவிறுவென்று எழுதி நீட்டினேன். வாசிக்க வாசிக்க அவர் மயக்கம் தெளிந்தது.

"ஏம்மா, என்னைய நடுத்தெருவுல நிப்பாட்டணும்னு எத்தனை நாளாத் திட்டம் போட்டுக்கிட்டு இருக்கே? மந்திரி அடுப்படியில மாட்டிக்கிட்டு முழிச்சாருன்னு நாம எழுதுனா, நாளைக்கு இந்த ஊர்ல எங்குட்டு போயி நிப்பேன்? மதுரைக்காரன் இத வெட்ட மாட்டான், கொளுத்திப்புடுவான்."

"நீங்க பார்க்கலை, நான் பார்த்தேன் சார்."

"பாத்தது சரி. போடுறது ஆரு?"

கீழே மதுரை பஸ் உறும ஆரம்பித்துவிட்டது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அழ நேரமில்லை. பஞ்சர் சொல்யூஷனை நன்றாக ஒரு இழுப்பு இழுத்துவிட்டு வேறு தாளில் எழுதினேன். அது எனக்கு இன்னும் மனப்பாடம்:

"காரைக்குடியில் நடைபெற்ற திருமணத்திற்கு வருகை தந்த அமைச்சர், மணமக்களை வாழ்த்தியபின், தாமே சமையற்கூடம் வரை நடந்து சென்று, அங்கு மாவு இடித்துக்கொண்டிருந்த பெண்களின் குறையைப் பரிவுடன் கேட்டறிந்தார். தங்கள் ஊர் விலக்கில் பஸ் நிற்க வேண்டும் என்ற அவர்களது கோரிக்கையை அங்கேயே ஏற்று, வரும் முதல் தேதியிலிருந்து பஸ் நிற்கும் என்று உறுதி கூறினார். கல்யாண வீட்டார் அளித்த பானகத்தை அவர்களிடையே நின்று அருந்தி விடைபெற்றார்."

இதில் எது பொய், சொல்லுங்கள். தாமேதானே நடந்து போனார்? யாரும் தூக்கிக்கொண்டு போகவில்லையே. 'பரிவுடன்' என்ற ஒரு வார்த்தை மட்டும் நான் கையிலிருந்து போட்டது. கல்யாண வீடு அல்லவா, மந்திரிக்கு மொய்.

சோமு சார் ஒரு தடவை வாசித்தார். இன்னொரு தடவை வாசித்தார். மீசை துடித்தது. "அடிப்பாவி" என்றார். பையிலிருந்த பேனாக்களில் எழுதாத இரண்டையும் உதறிப் பார்த்துவிட்டு மூன்றாவதை எடுத்து, அமைச்சருக்கு முன்னால் 'மாண்புமிகு' சேர்த்தார். "ஓடு" என்றார்.

ஓடினேன். பஸ் ரோட்டுக்கே வந்துவிட்டது. தாவணி ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம். கண்டக்டர் படியிலிருந்து குனிந்து கவரைப் பிடுங்கிக்கொண்டார். "ஆரும்மா செத்தது?" என்று கத்திக் கேட்டார். பஸ் போய்விட்டது.

மறுநாள் முழுசாக வந்தது. கட்டம் கட்டி வந்தது. சைக்கிள் கடையில் எனக்கு சோடா உடைத்தார்கள். வள்ளியம்மை ஆச்சி பேப்பரை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மந்திரி தானாக ஆசைப்பட்டுத் தன் அடுப்படிக்கு வந்ததாக ஊரெல்லாம் சொல்லி, கொஞ்ச நாளில் அவரே அதை நம்பிவிட்டார். ஆச்சியை விடுங்கள், மந்திரியே நம்பிவிட்டார். மக்கள் குறை கேட்க அடுப்படி வரை போகிறவன் நான் என்று பிறகு பல மேடைகளில் பேசினார்.

ஒன்றாம் தேதி காலையில் நான் போய் அந்த விலக்கில் நின்றேன். போகாமல் இருக்க முடியவில்லை. ராக்குவும் மற்றவர்களும் கும்பலாக நின்றார்கள். பஸ் தூரத்தில் தெரிந்தது. ராக்கு கையை நீட்டவில்லை, வேண்டுமென்றே இடுப்பில் வைத்துக்கொண்டாள். பஸ் வேகம் குறைந்து, முனகி, எங்கள் காலடியில் வந்து நின்றது. டிரைவர் எங்களைப் பார்க்காமல் நேரே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தேம்பித் தேம்பி அழுதுவிட்டேன். அந்தப் பெண்கள் ஒருத்தியும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஜன்னலோர இடத்துக்கு அடித்துக்கொண்டிருந்தார்கள்.

சோமு சார் சொன்ன சொல் தவறவில்லை. அப்பாவுக்கு ஒன்று, மதுரைக்கு ஒன்று என்று இரண்டு ட்ரங்க் கால் போட்டார். பஸ் ஸ்டாண்டுக்கே கேட்கிற மாதிரி, "நல்லா எழுதும்! கெட்டிக்கார ஆளு! விட்றாதீக!" என்று மதுரையிடம் கத்தினார். பெண் என்று மட்டும் சொல்லவில்லை. சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். அப்பாவோடு மதுரை ஆபீஸுக்குப் போனபோது மேனேஜர் எங்கள் இருவரையும் உட்காரச் சொல்லிவிட்டு, வாசலை எட்டிப் பார்த்து, "தம்பி வெளியே நிக்கிறாரா?" என்று கேட்டார். அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "தம்பி இல்லை. என் மகள்தான். நீங்க கட்டம் கட்டிப் போட்டதை எழுதினது இவதான்" என்றார். அப்பா எனக்காகக் கோபப்பட்டு அன்றைக்குத்தான் பார்த்தேன். வேலை கிடைத்தது. முதல் இரண்டு வருஷம் கோலமும் வடகமும் எழுதினேன், பிறகு செய்திக்கு மாறினேன். புதுக்கோட்டை மாப்பிள்ளைக்கு அதே ஆவணியில் வேறு இடத்தில் கல்யாணமாகி, நன்றாக இருக்கிறார்.

முப்பது வருஷத்துக்குமேல் எழுதினேன். பெயரோடு வந்தது, சில நாள் படத்தோடும் வந்தது. வெட்டுவதற்கு ஆளே இல்லாமல் போனது. காரைக்குடியில் ஹோட்டலாகிவிட்ட அந்த வீட்டின் மூன்றாம் கட்டில் இப்போது வெளிநாட்டுக்காரர்கள் குளிக்க நீச்சல் குளம் வெட்டியிருக்கிறார்களாம். கல்யாணம் மண்டபத்தில் நடக்கிறது, மாவு பாக்கெட்டில் வருகிறது, உலக்கையைச் சுவரில் மாட்டி விளக்குப் போட்டிருக்கிறார்களாம். போகட்டும். மாவு இடித்தே கை காய்த்துப் போனவர்கள் அதற்கெல்லாம் வருத்தப்பட மாட்டார்கள், நானும் படவில்லை.

வேறு ஒன்று போனதுதான் எனக்கு ஆறவில்லை. ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால், வேறு ஒரு மாவட்டத்தில், பஸ் இல்லாமல் பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற பெண்பிள்ளைகளைப் பற்றி எழுதினேன். மொய்யெல்லாம் வைக்கவில்லை. மந்திரி கொடுத்த வாக்கு, கொடுத்த நாள், கொடுத்த இடம், கேட்டவர்கள் பெயர், எல்லாம் இருந்தது. முதல் பக்கத்தில் வந்தது. பின்னால் ஒரு விழாவில், வாக்குக் கொடுத்த அந்த மந்திரியைப் பார்த்தேன். பழைய காரைக்குடி மந்திரி நல்லவர் என்று நான் சொல்ல வரவில்லை; உலக்கை இல்லாவிட்டால் அவரும் போயிருப்பார். ஆனால் பேப்பரில் வந்துவிட்டதே, இனி எப்படி இல்லை என்பது என்று அவருக்கு ஒரு கூச்சம் இருந்தது. அந்தக் கூச்சத்தில்தான் அந்த பஸ் நின்றது. இந்த மந்திரியோ என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து கைகூப்பினார். "படிச்சேம்மா. ரொம்ப அருமையா எழுதியிருந்தீங்க" என்று வாய்நிறையச் சிரித்தார். உட்கார வைத்துக் காபி வரவழைத்துக் கொடுத்தார்.

பஸ் வரவில்லை.